அல் வத்பாவில் கல்லாகிப்போன மணல் மேடுகள்

என் விசிட் விசா முடிய ஒரு வாரம்தான் இருந்தது. குடும்ப விசா எடுத்து, தான் வேலை பார்க்கும் அமீரகத்தின் அஜ்மானிலேயே தங்கிவிடச் சொல்லிக் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ கீழக்கரையில் டீச்சர் வேலை. அதை விட மனமில்லை. மாட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று குழம்பிக்கொண்டிருந்த ஜனவரி வெள்ளிக்கிழமையில், "கல்லாப்போன மணல் மேடு இருக்காம், பாக்கப் போவோமா?" என்றார். வழியில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

ஜும்மா தொழுகை முடிந்து இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். அபுதாபி பக்கம் அல் வத்பா, ஏறக்குறைய 160 கிலோமீட்டர். போய் இறங்கும்போது மணி நான்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது. வழியெல்லாம் வாய் வரை வந்த பதிலை நான் சொல்லவே இல்லை.

வெட்டவெளியில் வெளிர் பழுப்புப் பாறைகள், மடித்து அடுக்கிய ஜமக்காளம் போல வரிவரியாக நின்றன. ஒவ்வொரு வரியும் எப்போதோ அடித்த காற்றின் தடம். பனியுகத்தில் கடல் விலகி, இந்த வளைகுடாவே வறண்ட தரையாகக் கிடந்ததாம். அந்தத் தரையிலிருந்து மணலையும் சிப்பித் தூளையும் காற்று வாரிவந்து இங்கே குவித்திருக்கிறது. அடியில் ஊறிய நீரால் சிப்பியின் சுண்ணாம்பு கரைந்து, மணலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஈரம் படாத மணல் பறந்து போய்விட்டது. வெயில் சாயச் சாய வரிகள் சிவந்தன. கடலுக்கடியில் நடப்பதுபோல் காலே தரையில் பாவாமல் சுற்றினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

தொட்டுப் பார்க்கக் கை நீட்டியதும் காவலாளி ஓடிவந்தார். "சிஸ்டர், டச் மாஃபி!" தொடக் கூடாதாம்; அத்தனை பெரிய பாறையும் விரல் பட்டால் உதிருமாம். நீங்களும் பாதையை விட்டு ஏறாதீர்கள். மாலையில் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். கோடையில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

காருக்குத் திரும்பி நடக்கும்போது கேட்டேன். "எத்தன தடவ வந்திருக்கீங்க மச்சான்?"

"இதான் மொத தடவ."

"பதினோரு வருசமா இங்கயே இருந்துக்கிட்டா?"

"நீ வந்தா சேந்து பாக்கலாம்னு வச்சிருந்தேன் புள்ள. இது மட்டுமில்ல, எல்லாத்தயும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போகிறதே என்ற வருத்தமும் கூடவே இருந்தது, அதை மறைப்பானேன்.

"விசா எடுங்க. ஆனா இங்கயும் நான் டீச்சராத்தான் இருப்பேன்" என்றேன்.

மனிதர் சரி என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி ஹத்தா, அதற்கடுத்த வெள்ளி ஜெபல் ஜைஸ் மலை என்று திட்டம் போடத் தொடங்கி, கார் கதவைத் திறப்பதற்குள் ரமலான் நோன்பு வரைக்கும் ஒரு வெள்ளிக்கிழமைகூட மிச்சம் வைக்கவில்லை.