அய்யனாரிடம் வீசிவிட்டு வந்த வள்ளம்

அன்பர்களே, பக்தியில் உருகியவர்களின் அனுபவங்களை நிறையப் படித்திருப்பீர்கள். நான் உருகவில்லை. கொதித்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊருக்கும் என் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊருக்கும் நடுவே ஒரு கண்மாய். பெரும்பாலும் அதில் ஆடுதான் மேயும். நிறைந்துவிட்டாலோ அந்த ஊர் தீவு. அப்படியொரு மழையில்தான் அவளுடைய அக்கா, பிரசவ வலியோடு இக்கரைக்கு வர வழியில்லாமல் செத்துப்போனாள். பாலம் கட்டித் தருவதாகக் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள், அடுத்த தேர்தலுக்குத்தான் மறுபடி கும்பிட வந்தார்கள்.

அந்த ஆத்திரத்தில் கடற்கரைத் தொண்டிக்குப் போய், மீன்பிடிக்கும் பழைய மரப்படகு ஒன்றை, ஒரு வள்ளத்தை வாங்கி, லாரியில் ஏற்றிவந்து வீட்டு முற்றத்தில் இறக்கினேன். நான் அருப்புக்கோட்டையில் பருத்தி வியாபாரம் பார்ப்பவன். அதற்குமுன் புத்தகத்தில் படித்ததைத் தவிர வேறு கடல் அறியேன். மக்கிய பலகைகளை மாற்றினேன். இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சிப் பூசினேன். பிறகு, பருத்திப் பொதியைக் காப்பதுபோலத் தார்ப்பாய் போட்டு, ஒரு சொட்டு நனையாமல் காத்தேன். மழையும் ஒத்துழைத்தது; வருஷக்கணக்காக எட்டிப் பார்க்கவில்லை.

"ஏலே, கப்பலு எப்ப சிலோனுக்குப் பொறப்படுது?" என்பான் பக்கத்து வீட்டு மாடசாமி.

ஒரு கார்த்திகையில் மழை பிடித்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று பெரியவர்கள் பிடிவாதமாக அழைத்துப்போயிருந்ததால், செல்லம்மாள் நிறைமாதத்தில் அக்கரையில் இருந்தாள். வள்ளத்தை வண்டியில் கொண்டுபோய்க் கண்மாயில் இறக்கினேன். பலகைக்குப் பலகை தண்ணீர் பீறிட்டது. முழங்கால் ஆழத்திலேயே தரை தட்டியது.

கரையிலிருந்த அய்யனார் முன்னால் அதை இழுத்துப் போட்டேன்.

"குதிரை மேல உக்காந்து வேடிக்கையா பாக்குற? அவ அக்காளை விட்டுட்ட. இவளையும் விட்டேன்னா, பொங்கலும் கெடையாது, சூடமும் கெடையாது!"

வண்டியோடு கூட வந்திருந்த மாடசாமி தார்ப்பாயை விரித்தான். "நனையப் போகுதுலே, மூடு."

"கெடக்கட்டும். அவரு பாத்துக்கிடட்டும்!" பிடுங்கி எறிந்துவிட்டு வந்தேன்.

மழை விடவில்லை. இரண்டு நாள் கழித்து, அக்கரையில் மாமனார் துண்டை வீசிக் கத்தினார்: "வலி எடுத்திருச்சு மாப்ளே!"

ஓடினேன். வள்ளம் விளிம்புவரை மழைநீரோடு கிடந்தது. இறைத்துத் தள்ளினோம். மறுபடி பீறிடும் என்று பலகைகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. மாடசாமி கழி ஊன்றினான். முதல் தடவையாக அவன் வாயில் கேலி இல்லை.

செல்லம்மாளை இக்கரை சேர்த்து, வண்டி கட்டித் திருச்சுழி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை குறுக்கே கிடந்தது. தாயும் மகளும் பிழைத்தார்கள்.

காய்ந்த பலகை சுருங்கி வாய் பிளக்கும், ஊறினால் உப்பி மூடிக்கொள்ளும் என்பது பிறகு தெரிந்தது. இருக்கட்டும். நனையாமல் காப்பதே பிழைப்பாக இருந்தவன் கையாலேயே அந்தத் தார்ப்பாயைப் பிடுங்க வைத்தவர் யார்?

இப்போது வருஷம் தவறாமல் பொங்கல் வைக்கிறேன். பாலம் இன்னும் வரவில்லை. பொங்கல் பொங்கும்வரை அவரோடு அந்தச் சண்டையும் நடக்கும். உங்களுக்கும் கோபம் இருந்தால் வீட்டில் மூடி வைக்காதீர்கள். அவர் முன்னால் கொண்டுபோய்ப் போடுங்கள். நனைந்தால் நனையட்டும்.