அரைஞாண் கயிற்றில் ஒரு விரல்

“பாடம் நடத்துற டீச்சருக்குப் பிள்ளைக இடுப்புல என்னம்மா சோலி?” என்று எங்கள் தலைமையாசிரியர் ஒருமுறை சரோஜா டீச்சரிடம் கேட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே, “தராசு வாங்கிக் குடுங்க சார், விட்டுர்றேன்” என்றார். தராசு கடைசிவரை வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை டீச்சரின் மகள் போனில் பேசினாள். “அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சார்” என்றாள். அதன்பின் இந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளின் நடுவில் போடிநாயக்கனூரில் நாங்கள் இருவரும் ஒரே தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தோம். பிள்ளைகளில் பாதிப் பேரின் பெற்றோர் ஏலக்காய்த் தோட்டக் கூலிகள். பள்ளி விட்டதும் பல பிள்ளைகள் அம்மாவோடு கிடங்கில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்குவார்கள். தூசியில் இருமுவார்கள். டீச்சர் அவர்களை மணி அடித்த பிறகும் வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் விளையாட்டு, கை கழுவல், ஆளுக்கொரு கடலை உருண்டை. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன். கடலை தீர்ந்தால் என் வாய்ப்பாட்டுக்கு ஆள் இருக்காது.

கோடை விடுமுறைதான் டீச்சருக்குப் பயம். பள்ளி மூடினால் மதியச் சாப்பாடும் இல்லை. பெற்றோர் குரங்கணிக்கு மேலே மலைத் தோட்டங்களுக்குப் போகும்போது பிள்ளைகளும் போய்விடுவார்கள். ஜூனில் காய்ச்சலும் இளைப்புமாகத் திரும்புவார்கள். அதை அளக்க டீச்சர் கண்ட வழிதான் அரைஞாண் கயிறு. விடுமுறைக்கு முன்பு ஒவ்வொரு பையனின் கயிற்றுக்குள்ளும் விரலை விட்டுப் பார்ப்பார். “கிச்சுக்கிச்சு மூட்டுது டீச்சர்” என்று நெளிவார்கள். ஜூனில் மறுபடி பார்ப்பார். கயிறு தொளதொளவென்று இருந்தால் அந்தப் பிள்ளையை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். அம்மாவையும் விடமாட்டார். “ஏம்மா, பிள்ளைய இப்படியா இளைக்க விடுவ?” என்பார்.

ஒரு வருடம் கோடையிலும் வகுப்பு நடத்தினோம். ஏலக்காய் வியாபாரிகள் சிலர் தானியம் கொடுத்தார்கள். காலையில் விளையாட்டு, மதியம் கம்பங்கஞ்சி. ஒரு வாரம் கூட்டமாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக மலை ஏறினார்கள். ஒரு நாள் மாரியம்மாள் என்ற தாய் தன் மகன் செல்வத்தைக் கூட்டிப் போக வந்தாள். அவன் இரண்டாம் வகுப்பு. டீச்சர் அவன் கையை விடவில்லை.

“இங்க கஞ்சியாவது குடிப்பான். விட்டுட்டுப் போ.”

“பகல்ல நீங்க ஊத்திருவீக டீச்சர். பொழுது அடைஞ்சா யாருகிட்டப் படுப்பான்?”

“என் வீட்டுல படுக்கட்டும்.”

மாரியம்மாள் சிரித்தாள். “இவன வச்சுக்கிருவீக. இவன் தம்பிய? பக்கத்து வீட்டு ரெண்டு பொட்டப்பிள்ளைக? உங்க வீட்டு ஓட்டப் பிரிச்சுத்தான் படுக்க வைக்கணும். ஜீப்பு கெளம்புது, விடுங்க டீச்சர்.”

டீச்சர் விட்டுவிட்டார். “நம்ம கஞ்சி மதியத்துக்கு மட்டுந்தான் காணும் சார்” என்று என்னிடம் சொன்னார்.

ஜூனில் செல்வம் திரும்பி வந்தான். பெரிய சட்டை ஒன்றைப் போட்டிருந்தான். கயிற்றுக்குள் டீச்சரின் ஒரு விரல்தான் போனது, ஏப்ரலில் போன அதே அளவு. “மலைத் தண்ணி ஒத்துக்கிருச்சுடா ஒனக்கு” என்று கன்னத்தைத் தட்டி அனுப்பினார். அன்று ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகளில் அவன் இல்லை.

சில நாளில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது, உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாரியம்மாளிடம் டீச்சர், “கயிறு சரியாத்தான இருந்துச்சு” என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மலையில கழண்டு கழண்டு விழுந்துச்சு டீச்சர். அதான் இறுக்கிக் கட்டிவிட்டேன்.”

எந்தத் தாயும் செய்வதுதான். எங்களுக்குத்தான் அது தோன்றவில்லை. டீச்சர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆடி பிறப்பதற்குள் செல்வம் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு டீச்சர் கயிற்றை நம்பவில்லை. சட்டையைத் தூக்கி விலாவைத் தடவிப் பார்ப்பார், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். எந்தத் தாயையும் திட்டவும் இல்லை. எண்பதுகளிலும் நாங்கள் மாலை வகுப்பை விடவில்லை, கோடையில் கஞ்சியும் காய்ச்சினோம். பிள்ளைகளும் ஒவ்வொரு கோடையிலும் மலை ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள். ஜீப்பில் நின்றபடி எங்களுக்குக் கையாட்டுவார்கள். நாங்களும் ஆட்டுவோம். வேறு என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

டீச்சரை அறிந்த நீங்கள் அவருடைய சுறுசுறுப்பைச் சொல்வீர்கள். நான் நினைவில் வைத்துக்கொள்வது ஆஸ்பத்திரி வராந்தாவில் மாரியம்மாளுக்குப் பக்கத்தில் அவர் தரையில் உட்கார்ந்ததை.

இந்தக் கோடையில், அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்ட ஒரு பிள்ளையை உங்கள் பிள்ளையோடு சாப்பிட உட்கார வையுங்கள். அதன் அம்மா கூப்பிட வரும்போது, பிள்ளை ஏன் இளைத்திருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.