அவள் போட மறுத்த எட்டுக் கையெழுத்து

இது நடந்து மூன்று வருஷம் இருக்கும். அப்போது நான் பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பள்ளியில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். பார்மசி படிக்க வேண்டும், அதுவும் பினாங்கிலேயே படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இருப்பதோ கொஞ்ச இடம். கேட்கிறவர்களோ நாடு முழுக்க. ஒரு புள்ளி குறைந்தாலும் கதை முடிந்தது.

அதனால் புதன்கிழமை மத்தியானமும் கெமிஸ்ட்ரி டியூஷன். அதே நேரத்தில்தான் பள்ளியில் முதலுதவிப் படை கூடும். பல்கலைக்கழக மனுவில் புறப்பாட நடவடிக்கைக்கும் பத்து விழுக்காடு மார்க் உண்டு. தெரிந்தும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எட்டு வாரம் மட்டம் போட்டேன். மனுப் பாரத்தை ஒப்படைக்க மூன்று மாதமே இருந்தபோதுதான் கணக்குப் பார்த்தேன். வருகைப் பதிவில் என் பெயருக்கு நேரே எட்டுக் கட்டம் காலி.

பதிவேடு படையின் செயலாளரிடம் இருந்தது. அவள் என் வகுப்புதான். வீடு கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில். பள்ளி நாட்களில் இங்கே சின்னம்மா வீட்டில் தங்கிவிட்டு, வெள்ளி சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவாள். அவளும் பார்மசிக்குத்தான் மனு செய்யப்போகிறாள்.

கேன்டீனில் அவளுக்கு மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து, "எட்டு கையெழுத்துதானே, போட்டு விட்டுடுலா" என்று குழைந்தேன். மீயை ஒரு இழை விடாமல் சாப்பிட்டு முடித்தவள், "வராத நாளுக்கு நான் போட மாட்டேன்லா" என்று தட்டை நகர்த்தினாள்.

எனக்கு வந்ததே கோபம்! என் மார்க் குறைந்தால் தனக்கு இடம் கிடைக்கும் என்று பார்க்கிறாள், பொறாமை பிடித்தவள். மனசுக்குள் நினைத்திருந்தாலாவது பரவாயில்லை. எனக்கு வாய் நீளம், அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கியது. எழுந்து போனாள்.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழரைக்கு அவளிடமிருந்து போன். "உன் ஃப்ளாட்டுக்குக் கீழதான் நிக்கிறேன். யூனிஃபார்ம் போட்டு இறங்கி வா."

பொறுப்பாசிரியரிடம் அவளே போய்ப் பேசியிருக்கிறாள். பக்கத்திலிருக்கும் டையாலிசிஸ் மையத்தில் எட்டுச் சனிக்கிழமை சேவை செய்தால் விட்ட நாட்களை ஈடுகட்டலாமாம். ஆனால் செயலாளர் கூடவே இருந்து கையெழுத்துப் போட வேண்டும். அதாவது, என் எட்டுச் சனிக்கிழமைக்கு அவளுக்கும் எட்டுச் சனிக்கிழமை போச்சு. ரயில், ஃபெரி, பஸ் என்று மாறி மாறி விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருக்கிறாள். நானோ ஒரு நன்றிகூடச் சொல்லாமல், தூக்கம் போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மையத்தில் எனக்கு வேலை, மெஷினை மாட்டிப் படுக்கும் முன் நோயாளிகளின் எடையைப் பார்த்து அட்டையில் எழுதுவது. மூன்றாவது வாரம், எங்களுக்கு எப்போதும் மிட்டாய் கொண்டுவரும் ஒரு சீன அங்கிள் என் பக்கம் குனிந்து, தண்ணீர் அதிகமாகக் குடித்துவிட்டேன், நர்ஸ் ஏசுவார், அரைக் கிலோ குறைத்து எழுதும்மா என்று மலாயில் கெஞ்சினார். பாவமாக இருந்தது. அரைக் கிலோதானே என்று குறைத்து எழுத அட்டையில் பேனாவை வைத்தேன். பின்னாலிருந்து அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நம்பரைப் பார்த்துத்தான் எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு மெஷினை செட் பண்ணுவாங்க. நீ குறைச்சு எழுதினா அது அங்கிள் உடம்புலயே நிக்கும். வீட்டுக்குப் போய் மூச்சு விட முடியாம திணறுவாருலா."

இருந்ததை இருந்தபடி எழுதினேன். அங்கிள் நன்றாக ஏச்சு வாங்கினார். அன்றைக்கு எங்களுக்கு மிட்டாய் கிடையாது.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழுதே விட்டேன். "சரி சரி, இன்னொரு மீ கோரிங் வாங்கிக் கொடு" என்று சிரித்தாள். எட்டு வாரமும் வந்தாள். எட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

நேர்காணலுக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். சேவையைப் பற்றிக் கேட்டபோது, மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், அந்த அரைக் கிலோ கதையைத்தான் சொன்னேன், நான் பேனா வைத்தது உட்பட.

எனக்கு இடம் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை, கடல் தாண்டி சரவாக்கில் வேறு துறைதான் கிடைத்தது. முதலில் போன் செய்தது அவள்தான். "அழுது முடிச்சிட்டுத்தான் கூப்பிடுறேன். நீ ஒழுங்கா படி. நம்பரை மட்டும் குறைச்சு எழுதிடாதலா" என்றாள்.

இப்போது பயிற்சிக்குப் போகும் மருந்தகத்தில் மாத்திரைகளை எண்ணி வைத்துவிட்டுப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் மறுபடி ஒரு தடவை எண்ணுகிறேன். என் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை.