விரலில் மாட்டிய கிளிப்

ஐ.சி.யூ. வேலையில் ஒரு கண் நோயாளி மேலும் ஒரு கண் மெஷின் மேலும் இருக்க வேண்டும். சொந்தக்காரர்களைக் கவனிக்க மூன்றாவது கண் ஒன்றைக் கடவுள் நர்ஸுகளுக்குக் கொடுத்திருக்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் நான் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு, கட்டிலுக்கு ஒன்றாக ஒரு கருவி வந்தது. அதன் கிளிப்பை விரலில் மாட்டினால், ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் காட்டும். அதுவரை உதட்டையும் நகத்தையும் பார்த்து, சந்தேகம் வந்தால் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தோம். பெற்றவருக்கோ கட்டியவருக்கோ என்ன ஆகுமோ என்று அந்த நம்பரையே வெறித்துக்கொண்டு நின்றவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மூன்று மார்க்

முதல் கட்டிலில் ஒரு யாழ்ப்பாணப் பெரியவர். அரசாங்க ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனமாகி, தேறுவதும் சோர்வதுமாக எங்களோடு நிறைய நாள் இருந்தார். மகள் பள்ளிக்கூட ஆசிரியை. தினமும் வந்ததும் அப்பாவைப் பார்ப்பதற்கு முன் மெஷினைப் பார்ப்பார்.

ஒருநாள் தொண்ணூற்றேழு காட்டியது. நான் சந்தோஷமாக, "ரொம்ப நல்லா இருக்கு டீச்சர்" என்றேன். அவர் முகம் மலரவில்லை.

"அப்ப மிச்சம் மூண்டும் எங்க போச்சு, மிஸ்ஸி?"

கஞ்சி

அதே பெரியவரின் மெஷின் ஒரு காலையில் அலறியது. நம்பர் எழுபதுக்குப் போய்விட்டது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேர் ஓடினோம். அவர் சாய்ந்து உட்கார்ந்து, கிளிப் மாட்டிய கையாலேயே கரண்டி பிடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கை ஆட ஆட, மெஷினுக்குக் கணக்குப் பிடிபடவில்லை. மூச்சு வாங்க நின்ற எங்களை அவர் பரிதாபப்பட்டுப் பார்த்தார்.

"நான் கஞ்சி குடிக்கிறன். நீங்கள் ஏன் பிள்ளையள் இந்த ஓட்டம் ஓடுறியள்?"

ஒரே ஒரு நகம்

அக்கா கல்யாணத்தில் சாம்பிராணிப் புகை பட்டு, ஆஸ்துமா முற்றி வந்தாள் ஒரு பெண். கையிலும் காலிலும் கரும்பழுப்பு நகச்சாயம் இருபது விரலுக்கும் போட்டிருந்தாள். அது வெளிச்சத்தை மறைத்தால் மெஷின் தப்பாகக் காட்டும். மருந்து கொடுத்து மூச்சு கொஞ்சம் சீரானதும், சாயத்தைத் துடைக்கப் பஞ்சோடு போனேன். அவ்வளவு நேரம் பேசவே முடியாமல் கிடந்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வெரலு போதும்லா மிஸ்ஸி, நாளைக்கு ரிசெப்ஷன் இருக்கு!"

மெஷினுக்கு ஒன்றுமில்லை

பெரியவருக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாரியப்பன் வந்தார். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் லோரி ஓட்டுபவர். கடுமையான நிமோனியா. இயல்பிலேயே நல்ல கறுப்பு. அவருடைய மெஷின் தொண்ணூற்று நாலிலேயே நின்றது, அலறவே இல்லை. அதனால் நாங்களும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தோம்.

மத்தியானம் அவர் மனைவி தனம் அக்கா ஃபெரி பிடித்து வந்தார். வீடு, வருமானம் எல்லாமே அந்த ஒரு மனிதரை நம்பித்தான். இரண்டு பிள்ளைகளும் ஆரம்பப் பள்ளியில். அக்கா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார், "ஏங்க" என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டார். அவர் கண் திறந்து, அடுத்த வார்த்தை வராமல் திணறினார். மூக்கு விடைத்தது. நான் சமாதானமாக நம்பரைக் காட்டினேன். அக்கா அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல மிஸ்ஸி, என் வீட்டுக்காரருக்குத்தான் முடியல."

பழைய ஊசி

உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். அந்தச் சீனப் பெண்மணி ஒரு கேள்வியும் கேட்காமல் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். ரிசல்ட் வந்தபோது உண்மையான அளவு, மெஷின் சொன்னதைவிட மிகக் கீழே இருந்தது. தோல் கறுப்பாக இருப்பவர்களுக்கு, அதுவும் உடம்பு மோசமாகும்போது, இந்த மெஷின் சில சமயம் கூட்டிக் காட்டும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். அப்போது விளக்க நேரமில்லை. குழாய் போட்டு, செயற்கை சுவாசத்தில் வைத்தோம்.

வெளியே நின்ற தனம் அக்காவிடம் டாக்டரே போனார். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"அக்கா, நல்ல நேரம் சொன்னீங்க."

எத்தனை?

மாரியப்பனுக்கு அதற்குப் பிறகு மெஷினையும் பார்த்தோம், ரத்தத்தையும் பார்த்தோம். தனம் அக்கா ஒருநாளும் நம்பர் கேட்கவில்லை. கணவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நல்ல காலையில் குழாயை எடுத்தோம். அவர் கரகரத்த குரலில் "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். அக்கா அழுதார், நானும்தான்.

சாதாரண வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, பெரியவர் தன் கட்டிலிலிருந்தே கூப்பிட்டு, "தம்பி, கடைசியா உமக்கு எத்தினை வந்தது?" என்று விசாரித்தார். மாரியப்பன் மனைவி பக்கம் தலையைத் திருப்பினார்.

"எனக்கென்ன தெரியும் ஐயா, என் வீட்டுக்காரியைத்தான் கேக்கணும்."

அன்றிலிருந்து டூட்டிக்கு வந்ததும் முதலில் நோயாளியைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மெஷினைப் பார்ப்பேன். மெஷின் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.