பூட்டினவர் ஏற வேண்டும்

பூவரசங்குளத்துச் சிவராசா கெட்டிக்கார மெக்கானிக் என்று ஊர் சொல்லும். ஊருக்கு அதை அறிய வழியில்லை. அவர் திருத்துவது விமான எஞ்சின். ஊரில் யாரிடமும் விமானம் கிடையாது. ஊரார் கண்ணால் கண்டது அவருடைய வீட்டுத் தண்ணிப் பம்மை மட்டும்தான். அது வருடத்தில் பாதி நாள் இறைக்காது.

இளவயதில் வயலுக்கு மருந்தடிக்கிற மிசின்களைத் திருத்திக்கொண்டிருந்தவர், பிறகு சார்ஜாவுக்குப் போனார். அங்கே ஒரு பறப்புப் பள்ளியின் பட்டறையில் நிலம் துடைப்பதில் தொடங்கி, மக்னீற்றோ கழற்றிப் பூட்டுகிற மேசை வரைக்கும் உயர்ந்தார். அதற்கு மேல் உயரவில்லை. உயர விரும்பியதாகவும் தெரியவில்லை. ஊர் திரும்பியபோது வவுனியாவுக்கு வெளியே சின்னதாக ஒரு பறப்புக் கழகம் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானங்கள் இரண்டு. சிவராசா அங்கே சேர்ந்தார்.

மக்னீற்றோ என்பது தேங்காய் அளவில் ஒரு சாமான். எஞ்சின் சுழலும்போது தானும் சுழன்று, பற்றரியின் தயவில்லாமல் பெற்றோலைப் பற்றவைக்கிற பொறியைக் கொடுக்கும். ஓர் எஞ்சினுக்கு இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றது விமானத்தை இறக்கிவிடும். அதில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டில் வயரைக் கழற்றினால் விளக்கு அணையும். மக்னீற்றோவில் சுவிச்சிலிருந்து வருகிற வயரைக் கழற்றினால்தான் அது உயிர்க்கும். சுவிச் பொறியைக் கொடுப்பதில்லை, வராமல் பிடித்துவைத்திருக்கிறது. இது தெரியாதவர் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்த்தால் கை போய்விடும். ஆகவே வேலை தொடங்குமுன் சிவராசா ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிடுவார்.

சார்ஜாவுக்குப் போகவும் வரவும் அவர் பெரிய விமானத்தில் ஏறியிருக்கிறார். அதில் சாப்பிட்டு நித்திரையும் கொண்டிருக்கிறார். அந்த எஞ்சினைப் பூட்டியது யாரென்று அவருக்குத் தெரியாது. தெரியாத ஒருவரை நம்புவதில் என்ன கஷ்டம்? கழகத்து விமானங்களில் மட்டும் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்கவைத்தவர் புதிதாக வந்த மனேஜர் விஜிதரன். கனடாவில் வளர்ந்தவர்; பட்டறைக்கு ஒரு விதியோடுதான் வந்திறங்கினார். எஞ்சினில் கைவைத்தவர் யாரோ, அவர்தான் சோதனைப் பறப்பில் விமானிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

"எனக்குத் தலைசுத்து இருக்குத் தம்பி."

"எவ்வளவு காலமா அண்ணை?"

"நீங்கள் இதைச் சொன்னதில இருந்து."

விஜிதரன் சிரித்தார். ஆனால் விடவில்லை. "ஏற ஏலாதெண்டால் எஞ்சினில கைவைக்கவும் ஏலாது. நான் வேற ஆளைத்தான் பாக்கவேணும்."

சிவராசாவுக்கு இந்த வயதில் வேறு வேலை கிடைக்காது. அதை வீட்டில் சொன்னார். மனைவி நாகேஸ்வரி வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"நீங்கள் பூட்டின எஞ்சினிலயோ ஏறவேணும்?"

"ஓம்."

"வேற ஆக்கள் பூட்டினது ஒண்டும் இல்லையோ?"

"விசர்க்கதை கதையாதையும்."

"எனக்கென்ன தெரியும். வைகாசியில இந்தப் பம்மைப் பூட்டினியள். ஆனியில பக்கத்து வீட்டு முத்துலிங்கத்தார் வேலியால வந்துதான் இறைக்கப்பண்ணினவர்."

"அது பம். நிலத்தில நிக்கிற சாமான்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். அது நிண்டால் நிலத்தில நிக்கும். இது நிண்டால் எங்க நிக்கும்?"

பிறகு நாகேஸ்வரி கொஞ்சம் இரங்கி, "போறதெண்டால் முறிகண்டியில தேங்காய் அடிக்காமல் போகாதேங்கோ" என்றாள். ஏ-ஒன்பது வீதியில் பஸ்ஸும் லொறியும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, தேங்காய் அடித்து, கச்சான் கடலை வாங்கித்தான் நகரும். விமானம் அங்கே நிற்காது என்று சிவராசா விளக்கினார். "அப்ப அதுக்கு மேலால போகவேண்டாம்" என்று நாகேஸ்வரி முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறி முறிகண்டிக்குப் போய், விமானத்தின் சார்பில் ஒரு தேங்காய் அடித்து, கச்சானோடு திரும்பி வந்தார்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. முதலாம் சிலிண்டரை அமுக்கத்துக்குக் கொண்டுவந்து, எஞ்சின் சக்கரத்தின் கோட்டைக் குறிக்கு நேரே நிறுத்தி, இரண்டு மக்னீற்றோவையும் கழற்றினார். உள்ளே திறந்து மூடிப் பொறியை உண்டாக்குகிற பொயின்றுகளைத் துடைத்து, இடைவெளி பார்த்தார். மின்சாரத்தைக் கடத்துகிற காபன் துண்டு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். பல்லோடு பல் சேர்த்து மூடி, எஞ்சினில் திரும்ப வைத்தார். பிறகு, பொயின்ற் திறக்கிற கணத்தில் எரிகிற சின்ன விளக்குகளை இணைத்து, இரண்டும் ஒரே குறியில் திறக்கும்வரை மக்னீற்றோக்களை மெல்ல மெல்லத் தட்டித் திருப்பினார். இரண்டு விளக்கும் ஒன்றாக எரிந்தன. நட்டுகளை இறுக்கினார்.

வழக்கமாக இந்த இடத்தில் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பார். அன்று அவிழ்க்கவில்லை. இறுக்கும்போது அசைந்திருக்குமோ? புரொப்பெல்லரைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி கொண்டுவந்தார். விளக்குகள் ஒன்றாகத்தான் எரிந்தன. காபனைப் பார்த்தேனா, பார்த்ததாக நினைக்கிறேனா? வலப்பக்கத்தைக் கழற்றினார். பார்த்துத்தான் இருந்தார். அப்படியென்றால் இடப்பக்கம்? பொழுது பட்டது. செவ்வாய்க்கிழமையும் அவர் கழற்றிக்கொண்டிருந்தார்.

விஜிதரன் வந்து பார்த்தார். "என்ன அண்ணை, ஏதும் பிழையோ?"

"இல்லைத் தம்பி, சரியா இருக்கு."

"பிறகேன் கழட்டுறியள்?"

"சரியா இருக்கோ எண்டு பாக்க."

"போன மாதம் ராஜினி தனிய ஏறேக்க மத்தியானத்துக்கு முன்னம் முடிச்சனீங்களே?"

ராஜினி கழகத்தின் ஒரே விமானி; மாணவர்களுக்குப் பறக்கப் பழக்குகிற பளை ஊர்ப் பிள்ளை. சிவராசா பூட்டிய எஞ்சின்களை இவ்வளவு காலமும் அவள்தான் முதலில் மேலே கொண்டுபோனவள். அவளுக்கு அரை நாள், தனக்கு இரண்டு நாள். சின்னக் கணக்குத்தான்; சிவராசாவால் அதைத் தாண்ட முடியவில்லை. அந்தக் கணத்தில் அவர் மனம் திருந்தினார் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அவர் அந்த நினைப்பை ஒருபக்கம் தள்ளிவைத்துவிட்டு, இடப்பக்க மக்னீற்றோவை இன்னொரு தரம் கழற்றினார்.

புதன்கிழமை காலை ராஜினி அவருடைய பெல்ற்றைத் தானே இழுத்துப் பார்த்தாள். ஓடுபாதை முனையில் எஞ்சினை உறுமவிட்டு, சுவிச்சை இடது மக்னீற்றோவுக்கு மட்டும் திருப்பினாள், பிறகு வலதுக்கு. ஒன்றில் மட்டும் ஓடும்போது வேகம் சற்று இறங்குவது வழமை.

"ரண்டிலயும் ஒரேயளவு இறக்கம் அங்கிள். இப்பிடி நான் ஒருநாளும் கண்டதில்லை."

"முந்தி எப்பிடி இருந்தது?"

"பரவாயில்லாமல் இருந்தது."

அந்தப் பரவாயில்லையில்தான் அவள் இத்தனை நாளும் பறந்திருக்கிறாள். சிவராசா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டார். விமானம் எழும்பியது.

"முறிகண்டிப் பக்கம் ஒரு சுத்துச் சுத்துவமோ?"

"வேண்டாம் பிள்ளை. நிக்க ஏலாட்டி அந்தப் பக்கம் போகக்கூடாது."

கீழே குளங்களும் வயல்களும் வடிவாகத் தெரிந்தன என்று ராஜினி பிறகு சொன்னாள். சிவராசா எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்ததில் ஒன்றையும் காணவில்லை.

இறங்கியதும் விஜிதரன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். விமானம் நாட்கணக்காகச் சும்மா நின்றதில் மாணவர்கள் முறைப்பட்டிருந்தார்கள். "அண்ணை, அந்த விதியை விடுவம். நீங்கள் ஏறவேண்டாம். முந்தி மாதிரி மத்தியானத்துக்கு முன்னம் முடிச்சுத் தாங்கோ, காணும்."

"ஓம் தம்பி," என்றார் சிவராசா, விஜிதரன் வாய் மூடுவதற்குள். அவருக்குச் சட்டென்று பசித்தது.

கொஞ்சத் தூரத்தில் நின்ற ராஜினி திரும்பினாள். "அப்ப நானும் ஏறன்."

"ஏன்?" என்றார் விஜிதரன்.

"அங்கிள் தானும் ஏறப்போறார் எண்டால் எஞ்சின் எப்பிடி இருக்குமெண்டு இண்டைக்குத்தான் கண்டனான். ஏறாட்டி எப்பிடி இருக்குமெண்டு எனக்கு முந்தியே தெரியும்."

கழகத்தில் வேறு விமானி இல்லை. விஜிதரன் சிவராசாவைப் பார்த்தார். சிவராசாவுக்குக் கோபிக்க விருப்பமாக இருந்தது. ஆனால் அவளுடைய பேச்சில் கழற்றிப் பார்க்க ஒரு பிழையும் அகப்படவில்லை. 

"அப்ப அடுத்த எஞ்சினுக்கும் எனக்கு ரண்டு நாள் வேணும் தம்பி."

"ரண்டு நாளோ? ஏன்?"

"ரண்டு பேர் ஏறுறமெல்லோ. ஆளுக்கு ஒரு நாள்."