காணாமல் போன பழங்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் அறை கூட்டிப் பெருக்கும் விடுதிக்கு ருமேனியாவிலிருந்து ஒரு அம்மா வந்து தங்கினார். குள்ளமான உருவம், அறுபது வயதிருக்கும், நடையில் லேசான நொண்டல். சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் ஐரோப்பாவுக்கே சாம்பியனாக இருந்தேன் என்றார். நான் நம்பவில்லை. அந்த வாரம் சமையலறையில் நேந்திரம்பழம் காணாமல் போய்க்கொண்டிருந்தது. முதலாளி சேட்டன் என்னைத்தான் முறைத்தார்.

ஒரு காலையில் அந்த அம்மாவின் படுக்கையை உதறினேன். தலையணைக்கடியிலிருந்து பழங்கள் உருண்டன. திரும்பினால் அவரே வாசலில் நிற்கிறார்.

"கேட்டா தரமாட்டோமா மேடம்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "பயிற்சி முகாம்ல எடை கூடினா சாப்பாடு கிடையாது. கிடைச்சதை ஒளிச்சு வைப்போம். மெடல் வாங்கின அன்னைக்கும் ஒரு ரொட்டியை ஒளிச்சு வச்சேன். இங்க யாரும் பிடுங்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். என் கைக்குத்தான் தெரியல."

பிறகு அவரே இறங்கிப் போய், பழம் எடுத்தது தான்தான் என்று சேட்டனிடம் சொன்னார். சேட்டன் என்னைப் பார்க்காமல், பரவாயில்லை என்பதை மலையாளத்தில் "சாரமில்ல" என்றார்.

அவர் சாம்பியனா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஜெயித்துக் கொடுக்கிற பிள்ளையை யாராவது பட்டினி போடுவார்களா?