வடாலா பெஞ்சும் சாம்பல் நிற வரியும்

எங்கள் ஆபீஸில் என் வேலையை யாரும் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. மற்றவர்கள் சிமெண்ட், கம்பி என்று வெயிலில் அலைகிறார்கள். நான் செம்பூரில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து தேதிகளை நகர்த்துகிறேன். ஒரு கட்டடத்தில் எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம் என்று கம்ப்யூட்டரில் கோடு இழுத்து இணைப்பதுதான் என் பிழைப்பு. பதினாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அதற்கென்று வீட்டில் போட்ட திட்டங்கள் தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளுமாக நாங்கள் இரண்டு பேர்தான்.

தாராவியில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளை இடித்து அதே இடத்தில் பதினாலு மாடி எழுப்பியது எங்கள் கம்பெனிதான். கட்டி முடிகிறவரை அப்பாவும் நானும் வடாலாவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். முதல் மாதம் முழுக்க அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பக்கத்துப் பார்க்கில் அவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். அவரும் தென்காசிப் பக்கம். அப்பா அவரை அண்ணாச்சி என்பார், அவர் அப்பாவை அண்ணாச்சி என்பார். தினமும் ஐந்து மணிக்கு ஒரே பெஞ்ச், ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய். அண்ணாச்சியின் சர்க்கரை அளவு, மருமகளின் சமையல், பேரனின் கணக்கு மார்க் எல்லாம் அப்பா வழியாக எனக்கும் அத்துப்படி. அண்ணாச்சியிடம் போன் கிடையாது. தினமும் பார்க்கிற ஆளுக்கு எதற்கு நம்பர் என்று அப்பாவும் வீட்டு விலாசம்கூடக் கேட்டு வைக்கவில்லை.

புது வீடு ஏழாவது மாடி. அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். லிஃப்ட் ஓடினால்தான் குடிபோக முடியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கட்டடத்தின் அட்டவணை என்னிடம் இருந்தது. லிஃப்ட் போடுகிறவர்களின் அட்டவணை தனி ஃபைல், அவர்களே வைத்திருந்தார்கள். அவர்கள் ஃபைலில் உள்ள 'லிஃப்ட் இன்ஸ்பெக்ஷன்' என்ற வரியை என் ஃபைலில் உள்ள 'சாவி ஒப்படைப்பு' என்ற வரியோடு நான் இணைத்திருந்தேன். அப்படி இணைத்தால், அடுத்தவர் ஃபைலில் இருக்கிற வேலை நம் பட்டியலில் சாம்பல் நிறத்தில் ஒரு வரியாக வந்து உட்காரும். அதை நாம் தொட்டுத் திருத்த முடியாது. அவர்கள் பக்கம் தேதி தள்ளிப்போனால், மறுநாள் நான் ஃபைலைத் திறக்கும்போதே ஒரு சின்னப் பெட்டி வந்து, தேதி மாறியிருக்கிறது, ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்கும்.

பெட்டி வரவே இல்லை. கேள்வி வராத காலையை நல்ல காலை என்று எடுத்துக்கொண்டு நான் காபி குடிக்கப் போய்விடுவேன். நடந்தது என்னவென்றால், லிஃப்ட் ஆட்கள் மாதாமாதம் புதுப் பெயரில் புது ஃபைல் போட்டு, அதில்தான் தேதியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என் இணைப்பு பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டு நின்றது. யாரும் தொடாத ஃபைலில் தேதி எப்படி மாறும்? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இணைப்பு இருக்கும்போது எதற்குப் பேச்சு என்று இருந்துவிட்டேன்.

அந்தத் தேதியை நம்பித்தான் அப்பாவிடம் சொன்னேன். ஆனி கடைசியில் ஒரு முகூர்த்தம் இருந்தது. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் பால் காய்ச்ச மாட்டோம். அப்பா வடாலா அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். அந்த அறைக்கு வேறு குடும்பமும் வந்து பார்த்துவிட்டது. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால்தான் லிஃப்டுக்கு இன்னும் இன்ஸ்பெக்ஷனே ஆகவில்லை என்று தெரிந்தது. கம்பெனியில் என் முகத்துக்காகச் சாவி கொடுத்தார்கள். லிஃப்டை யாரால் கொடுக்க முடியும்?

அப்பா ஏறினார். நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். மாடிக்கு மாடி அதில் உட்கார்ந்து, மழைச் சத்தத்தைக் கேட்டு, மறுபடி ஏறினார். பால் பொங்கியது. மறுநாள் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. லிஃப்ட் வரும்வரை படியில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். மற்ற வீட்டுக்காரர்கள் ஆடி கழியட்டும், லிஃப்ட் வரட்டும் என்று புத்திசாலித்தனமாகக் காத்திருந்தார்கள். பதினாலு மாடியில் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. காலை எட்டு மணிக்கு நான் இறங்கிப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வருவேன். அதுவரை அப்பாவோடு பேச ஒரு ஜீவன் கிடையாது.

முதல் வாரத்தில் அப்பா ஒன்று கேட்டார்.

"அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த சொல்லிருளா. காலு சரியில்ல, லிஃப்ட் வந்ததும் வந்துருவாருன்னு. பாவம், பெஞ்சுல பாத்துக்கிட்டே இருப்பாரு."

சரி என்றேன். செம்பூரில் ரயில் ஏறினால் வழக்கமாகக் குர்லாவில் மாறி, வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயனில் இறங்குவேன். மாறாமல் அதே வண்டியில் இன்னும் மூன்று ஸ்டேஷன் போனால் வடாலா. அவ்வளவுதான் தூரம். ஆனால் அந்த வாரம் முழுக்க ஆபீஸில் உடைந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டேன். மூன்றாம் நாளே அப்பா, சொன்னியா என்று கேட்டிருந்தார். சொல்லியாச்சு என்றேன், நாளைக்குப் போய்விடலாம் என்ற தைரியத்தில். என்ன சொன்னார் என்று கேட்டார். மெதுவாக வரச் சொன்னார் என்றேன். செய்யாத வேலைக்கு நூறு சதவீதம் முடிந்தது என்று போட்ட சைட் இன்ஜினியர்களை நான் கடித்துக் குதறியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அப்பா கேட்கவே இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

குடிவந்து முப்பத்தெட்டு நாள் கழித்து, ஆவணியில் லிஃப்ட் ஓடியது. அடுத்த ஞாயிறு அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். டாக்சியில் வடாலா போய்ச் சேர்ந்தபோது சரியாக ஐந்து மணி. பெஞ்ச் காலியாக இருந்தது. ஐந்தரை வரை பார்த்துவிட்டு, வாசலில் சாய் விற்பவரிடம் போய் விசாரித்தேன். அண்ணாச்சி மழையிலும் குடை பிடித்துக்கொண்டு தினமும் வந்தாராம். வந்ததும், அவர் வந்தாரா என்று அப்பாவைப் பற்றித்தான் முதலில் கேட்பாராம். பத்து நாளைக்கு முன்னால் மகன் தொலைவில் நெருளுக்கு வீடு மாற்றி அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கடைசி நாள் பார்க் மூடுகிறவரை பெஞ்சில் இருந்தாராம். என் பின்னாலேயே வந்து நின்ற அப்பா, அவர் பெயர் என்ன என்று இந்தியில் கேட்டார். சாய்க்காரர் முழித்தார். அண்ணாச்சி என்பதுதான் அவர் பெயர் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

அப்பா திரும்பிப் போய்ப் பெஞ்சின் இடது ஓரத்தில், தன் இடத்தில் உட்கார்ந்தார். நெருளில் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சமா, அங்கே போய் எந்த அண்ணாச்சி என்று கேட்பது? இதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"நான் வரவே இல்லப்பா. அவரப் பாக்கவே இல்ல."

"தெரியும்ளா. வடாலா வந்துட்டு எட்டரைக்கு வீடு வந்து சேர முடியுமா? ஒன் டயம் எனக்குத் தெரியாதா?"

"பொறகு ஏம்ப்பா ஒரு தடவகூடக் கேக்கல?"

அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கேட்டா இன்னொண்ணு சொல்லுவ. அதையும் நான் நம்புத மாதிரி இருக்கணும்."

சாய்க்காரர் பழக்க தோஷத்தில் இரண்டு கிளாஸ் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அப்பா ஒன்றை எடுத்து ஊதி ஊதிக் குடித்தார். மற்றதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.